ஒத்தைக்கண்ணிக்கு முளைத்த மறுகண்

என் லாத்தா சுலைகாவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. லாத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா. எழுதி வைக்கிற அளவுக்கு அவள் என்ன சாதித்துவிட்டாள் என்று தேவிபட்டினத்தில் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அவளைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் போதும், ஒரு தடவை நான் பேசுகிறேன். பேச வேண்டிய அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். அதனால் இதில் சத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். யுத்த காலத்தில் கல்யாணம் ஆயிற்று. மச்சான் சதக்கத்துல்லாவுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் ஜவுளிக்கடை வேலை. நாற்பத்தேழு வரைக்கும் அவர் ராமநாதபுரம் போய் வருகிற மாதிரி கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார். சுதந்திரம் வந்தது, பின்னாலேயே பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. மச்சான் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டது. லாத்தா உம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஒரே மகள் நஸீரா. நானும் அதே வீடுதான். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, கொழும்பு விசாவுக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, மூன்று வேளையும் அவள் கையால் தின்றுகொண்டிருந்தேன்.

மச்சான் ஒரு தடவை சுவர்க் கடிகாரம் கொண்டு வந்தார். உப்புக்காற்று மூன்றே வருஷத்தில் அதைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு லாத்தாவுக்கு முற்றம்தான் கடிகாரம். வெளியே அதிகம் இறங்காத பெண்ணுக்கு வானம் என்பது முற்றத்து அளவுதான், எட்டு முழத்துக்கு ஆறு முழம். அந்தச் சதுரத்துக்குள் எது எப்போது வரும், எந்த ஓட்டுக்கு மேல் ஏறும், எப்போது எதிர்ச்சுவரில் போய் மறையும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. படித்தவர்கள் சொல்கிற பேர் எதுவும் தெரியாது. அவளாகப் பேர் வைத்துக்கொண்டாள். வெளிச்சமாக ஒன்று, இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொன்று. அது மாப்பிள்ளையும் தோழன்மாரும். வானத்தில் வெள்ளையாகக் கிடக்கிற பட்டை மாவுத் தடம். யாரோ இடித்த மாவைச் சிந்திக்கொண்டே போனார்களாம். அந்த மாவுத் தடத்துக்குள், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஒரு தனி நட்சத்திரம் ஒத்தைக்கண்ணி.

நோன்பு மாதம் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வரும். அதனால் சஹர் சோற்றுக்கு எழுப்புகிற நட்சத்திரமும் மாறிக்கொண்டே இருக்கும். விடியற்காலைத் தொழுகைக்குச் சொல்கிற சுபுஹு பாங்குக்கு முன்னால் ஆக்கித் தின்று முடித்தாக வேண்டும், பிந்தினால் அன்றைக்குப் பட்டினிதான். எங்கள் தெருவில் எட்டு வீட்டுப் பெண்கள் லாத்தாவைத்தான் நம்பிப் படுத்தார்கள். அறுபதை ஒட்டிய ஒன்றிரண்டு வருஷமாக மாப்பிள்ளையின் முறை. பக்கத்து வீட்டுக் காலிதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள்.

"சுலைகா, மாப்பிள்ளை வந்தாச்சாடி?"

"ஓட்டு மேல ஏறிட்டான். எந்திரி, எந்திரி, அடுப்பப் பத்த வை."

புது ஆள் யாராவது கேட்டால் என்ன நினைப்பான்! மச்சான் கொழும்பில் இருக்க, இங்கே விடியற்காலையில் ஓட்டு மேல் மாப்பிள்ளை. இதைச் சொல்லி நாங்கள் சிரிக்காத நாள் கிடையாது. அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தத் தெருவில் யாருக்கும் சஹர் தவறியதில்லை.

அறுபதாம் வருஷத்து நோன்பு மாசியில் பிறந்து பங்குனியில் முடிந்தது. நஸீராவுக்கு அப்போது பதினேழு வயது. மீரா சாகிபு மகன் சுஐபுக்குப் பேசி, பெருநாள் கழித்து நிக்காஹ் என்று நாளும் குறித்தாகிவிட்டது. மீரா சாகிபு ஊரில் பெரிய மனிதர், பள்ளிவாசல் காரியமெல்லாம் அவர் கையில். கொழும்பிலும் அவருக்குச் செல்வாக்கு உண்டு. என் விசாவுக்கு அவருடைய கடிதம் ஒன்று தேவைப்பட்டது. லாத்தா அந்தச் சம்பந்தத்தில் உயிரையே வைத்திருந்தாள். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்க, ஒற்றை ஆளாக ஒரு பெண்ணை வளர்த்து நல்ல இடத்தில் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு அவள் நடையிலேயே தெரிந்தது.

ஆறாவது நோன்பு. என் காலைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏலே ஹமீது, எந்திரி. இங்கன வா."

"சோறு ஆயிருச்சா லாத்தா?"

"சோறு கெடக்கட்டும். ஒத்தைக்கண்ணிக்கு மறுகண்ணு முளைச்சிருக்குடா!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். கீழ்த்திசை ஓட்டுக்கு மேலே ஒத்தைக்கண்ணி இருந்தது. அதற்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி, அதே அளவு வெளிச்சத்தில், இன்னொன்று இருந்தது. முந்தின வாரம் அந்த இடம் காலி. எனக்கே தெரியும், ஏனென்றால் வேறு வேலை இல்லாதவன் நான், சோறு ஆகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் கிடப்பேன். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். இதை இங்கேயே எழுத்தில் எழுதிவிடுகிறேன்.

"ஆமா ஆமா, ரெண்டு இருக்கு. சோத்தப் போடு லாத்தா, பாங்கு சொல்லிருவான்" என்றேன்.

அவள் சிரித்தாள். அன்றைக்குச் சோறு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது, நானும் குறை சொல்லவில்லை. அடுத்த மூன்று நாளும் இரண்டு பேருமாகப் பார்த்தோம், மறுகண் அங்கேயேதான் இருந்தது. லாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலிதாவிடம் சொன்னாள், எதிர்வீட்டில் சொன்னாள், கிணற்றடியில் சொன்னாள். அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். மாவுத் தடத்துக்குள் நட்சத்திரம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். எது பழசு, எது புதுசு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இடியாப்ப மாவில் ஒரு பிடி கூடினால் கண்டுபிடிக்க முடியுமா? ஒருத்தி இருக்கிறது என்றாள், ஒருத்தி இல்லை என்றாள், ஒருத்தி எனக்கு எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது என்றாள்.

முதலில் கேலிதான். எங்கள் ஊரில் கடலுக்குள் ஒன்பது கிரகத்துக்கும் கல் நட்டிருக்கிறார்கள், அதைக் கும்பிட வெளியூரிலிருந்து கூட்டம் வரும். "பத்தாவது கல்லு சுலைகா நடப் போறாளாம்" என்று ஒருவர் சொல்ல, தெருவே சிரித்தது. ஏழெட்டு நாளில் கேலி வேறு மாதிரி ஆயிற்று. புருஷன் இல்லாத வீடு, தனியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு பேசுகிறாள், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, ஜின் கோளாறாக இருக்கும் என்று யார் முதலில் சொன்னார்களோ. அந்தப் பேச்சு மீரா சாகிபு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று அந்த வீட்டுப் பெண்கள் பயந்துவிட்டார்கள்.

அதற்குள் அந்தப் பாவி நட்சத்திரமும் மங்கத் தொடங்கியிருந்தது. "மறுகண்ணு சொருகுதுடா" என்று லாத்தா கவலையாகச் சொன்னாள். நிலாவும் வளர்ந்து வளர்ந்து விடிகிற வரைக்கும் காய ஆரம்பித்தது.

மீரா சாகிபு கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பதினைந்தாவது நோன்பன்று சஹர் நேரத்தில், பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெப்பையைக் கூட்டிக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். "ஊரு பேசுறத நான் நம்பலை. கண்ணால பாத்துட்டா முடிஞ்சு போச்சு" என்றார். முற்றம் முழுக்கப் பால் கொட்டின மாதிரி நிலா வெளிச்சம். மாவுத் தடமே தெரியவில்லை. லாத்தா சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மரியாதையாகக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

"மூணாவது ஓட்டுக்கு நேரா மேல பாருங்க காக்கா. ஒண்ணு இருக்கா? அதுக்கு மேல ஒரு விரக்கடை. அங்கனதான் இருந்துச்சு. நல்லாப் பாருங்க."

மீரா சாகிபு பார்த்தார். லெப்பை பார்த்தார். கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒத்தைக்கண்ணியே நிலா வெளிச்சத்தில் அழுதுகொண்டிருந்தது. மறுகண்ணைக் காணவில்லை.

"அல்லாவே, இருந்துச்சு காக்கா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது. அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மீரா சாகிபு என் பக்கம் திரும்பினார். "ஹமீது, நோன்புப் பிறைக்கே நம்பிக்கையான ஆம்பளை ஒருத்தன் பாத்தேன்னு சாட்சி சொன்னா, ஊரே நோன்பு பிடிக்குது. இதுக்கும் அது போதும். நீ இந்த வீட்லதான இருக்கே. நீ பாத்தியா? பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் எல்லா வாயையும் அடைச்சிர்றேன்."

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்டார். நான் சொன்னேன்:

"தெரியலை மாமா."

இந்தத் தமிழ் இருக்கிறதே, கோழைக்கு என்றே சில சொற்களை வைத்திருக்கிறது. தெரியலை என்றால் எனக்கு விவரம் தெரியாது என்றும் ஆகும். இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் ஆகும். நான் பார்க்கவே இல்லை என்றும் ஆகும். நான் பொய் சொல்லவில்லை, பாருங்கள்! அந்த நேரம் அது தெரியவில்லைதானே? நோன்பு வைத்த வாயால் பொய் சொல்லாமல் எவ்வளவு சாமர்த்தியமாகத் தப்பித்தேன்! அவர்கள் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விசாவுக்காகச் சொன்னேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுகூட இல்லை. பார்த்தேன் என்றால் அந்த இரண்டு பேரும் மறுபடி மேலே பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களே என்ற பயம். பத்தாவது கல்லுக்குப் பக்கத்தில் பதினொன்றாவதாக என்னையும் நட்டுவிடுவார்களே என்ற வெட்கம். வேறு ஒரு மண்ணும் இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தா பேசினாள்.

"எனக்குத்தான் ஏதோ கோளாறு காக்கா. நீங்க எங்க போகச் சொல்றீங்களோ அங்க போறேன். எம் புள்ளைய மட்டும் விட்றாதீங்க."

பெருநாள் கழிந்ததும் உம்மா துணைக்குப் போக, லாத்தா ஒரு தர்காவில் நாற்பது நாள் தங்கினாள். ஓதிய தண்ணீர் குடித்தாள். கையில் கறுப்புக் கயிற்றோடு திரும்பி வந்தாள். மீரா சாகிபு வாக்குத் தவறவில்லை, ஹஜ் மாதம் கழித்து நிக்காஹ் நடந்தது. என் விசாக் கடிதமும் வந்தது. நான் புறப்படுகிற வாரம் லாத்தா ஆளைக் கூப்பிட்டு, முற்றத்தின் மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போடச் சொன்னாள். வெயிலுக்கா என்று கேட்டேன். "எதுக்கு அண்ணாந்து பாக்கணும்?" என்றாள். அடுத்த நோன்புக்குத் தெருவில் எல்லோருமாகச் சேர்ந்து ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினார்கள் என்று உம்மா கடிதம் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் வாரத்திலேயே அது நின்றுபோய், இரண்டு நாள் தெரு முழுக்கப் பட்டினி நோன்பாம்.

கொழும்பில் மச்சான் வேலை பார்த்த கடையிலேயே நானும் சேர்ந்தேன். மூன்று வருஷம் துணி மடித்தேன். அறுபத்து மூன்றில் ஒரு நாள் யாழ்ப்பாணத்து விஞ்ஞான வாத்தியார் ஒருவர் சாரம், நம்ம ஊர்க் கைலி, எடுக்க வந்தார். கையில் வானத்துப் படம் போட்ட புத்தகம். ஏதோ ஒரு வேகத்தில் கேட்டுவிட்டேன். "ஐயா, வானத்தில் புதுசாக நட்சத்திரம் வருமா? வந்து பத்து நாளில் போய்விடுமா?"

"வரும். நோவா எண்டு சொல்லுவினம். உண்மையிலை அது புதுசு இல்லை, பழசுதான். ஒண்டுக்குப் பக்கத்திலை இன்னொண்டு இருக்கும். அதிட்டையிருந்து கொஞ்சம் கொஞ்சமா வாங்கிச் சேர்த்து, தாங்கேலாமல் ஒருநாள் வெடிக்குது எண்டுதான் இப்ப நினைக்கினம். கொஞ்ச நாள் வெளிச்சம், பிறகு பழையபடி மங்கிப்போகும். ஆனால் அழியாது, அங்கைதான் கிடக்கும்."

"அப்படியானால் அடிக்கடி நடக்கிறதா?"

"பால்வெளிக்குள்ளை எத்தினையோ நடக்குது. அந்த நெரிசலும் தூசியும் எங்கட கண்ணுக்கு மறைச்சுப்போடும். வெறுங்கண்ணாலை காணக்கிடைக்கிறது அபூர்வம். இப்ப அறுபதாம் ஆண்டு மார்ச்சிலை ஒண்டு, திருவோண நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் வடக்கை வந்தது. ஐரோப்பாவிலை ஒருத்தர் ஏழாம் திகதி கண்டவர்." புத்தகத்தைப் புரட்டி இடத்தைக் காட்டினார். நடுவில் பெரிதாக மாப்பிள்ளை, இரண்டு தோழன்மார். மேலே ஒத்தைக்கண்ணி. பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார்.

விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தேன். ஆறாவது நோன்பு மார்ச் ஐந்தாம் தேதி.

"இதை நான் பார்த்தேன் ஐயா!" என்றேன்.

"மெய்யாவோ? நீங்கள் கண்டனீங்களோ?" என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும் என்றார். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. சாரம் எடுக்க வந்த முகம் தெரியாத ஆளிடம் பார்த்தேன் என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். அதுவும் நான் பார்த்தேன் என்றேன், லாத்தா பேரைக்கூடச் சொல்லவில்லை! அத்தனை ஆயிரம் வருஷம் நடந்து வந்த வெளிச்சம் எங்கள் முற்றத்தில் இறங்கியிருக்கிறது. கூடப் பிறந்தவளுக்காக அதைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணிக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அடுத்த மாதமே கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து ஊருக்கு வந்தேன். முற்றம் இருட்டாக இருந்தது, கீற்றுப் பந்தல் மூன்று வருஷத்தில் கறுத்துப்போயிருந்தது. நஸீரா பிள்ளையோடு வந்திருந்தாள். இரண்டரை வயதுப் பெண் குழந்தை, துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றடிக்குப் போகிறபோது நஸீரா குழந்தையைக் காலிதாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். லாத்தா பக்கத்திலேயே சும்மாதான் இருந்தாள். எனக்கு விளங்கவில்லை. கிணற்றடியில் போய்க் கேட்டேன்.

"உம்மா தூக்க மாட்டாங்க மாமா. பொறந்ததுலேர்ந்து ஒரு நாளும் தூக்கினதில்ல. அவங்க மேல இருக்கிறது புள்ளைக்குத் தொத்திரும்னு பயம். கிட்ட வந்தாலே, வராத வராதன்னு வெரட்டுவாங்க."

ஊரிடம், சம்பந்தி வீட்டில் என்று என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று. லாத்தா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரில் குந்தினேன். வாத்தியார் சொன்னதை முழுக்கச் சொன்னேன். வெடித்தது, மங்கியது, ஐரோப்பாக்காரர் ஏழாம் தேதி பார்த்தது, இவள் அதற்கு இரண்டு நாள் முந்தியே பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். ஐரோப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீ பாத்தியாடா?"

"பாத்தேன் லாத்தா."

"நீ சோத்துக்காக ஆமாம்னு சொன்னேன்னுல்ல நெனச்சேன்."

"இல்ல லாத்தா. ரெண்டு இருந்துச்சு. நாலு நாளு பாத்தேன். அன்னைக்கு மாமா கேட்டப்ப... பயந்துட்டேன் லாத்தா."

செதில் சுரண்டுவது நின்றது. திட்டுவாள், அந்தக் கத்தியாலேயே ஒன்று போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருக்கலாம்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாடா?"

"ஒண்ணும் இல்ல லாத்தா. ஒனக்கு ஒண்ணுமே இல்ல."

மூன்றே முக்கால் வருஷம். ஊர் அவளைப் பைத்தியம் என்று நினைத்தது பெரிதில்லை. அவளே அப்படி நம்பியிருக்கிறாள். தன் கண்ணைத் தானே நம்பாமல், கீற்றுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி.

அவள் எழுந்தாள். கையைக் கழுவினாள், மீன் வாடை போக மறுபடியும் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். குழந்தை வாசற்படியில் ஒரு கொட்டாங்கச்சியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. லாத்தா அதன் எதிரில் போய்க் குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை கொட்டாங்கச்சியைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தது. அவளிடம் தினம் தினம் கேட்ட சொல்லையே அவளிடம் சொன்னது.

"வராத. வராத."

நான் திரும்பிக்கொண்டேன். லாத்தா நீட்டின கையை மெதுவாக மடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "விடுடா, பச்சப்புள்ள. பழகிரும்" என்றாள்.

அந்தக் குழந்தை அவள் இடுப்பில் ஏற எட்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு லாத்தா இருந்தது மூன்று வருஷம்தான்.